பச்சை, மெரூன், நீலம் மூண்டும் ஒரே ஸ்ரேசனில: பெரியப்பாவின்ட சிலைட்டுகள் எந்த வருஷம்?

தம்பி, உங்கட கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இதுதான். அந்தக் காலத்தில லண்டனில இருந்த உங்கட பெரியப்பா எடுத்த கலர் சிலைட் பெட்டி ஒண்டு கொக்குவில் வீட்டு அலுமாரியில கிடந்து கிடைச்சிருக்கு, மூடியில "பாடிங்டன் 1966" எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு (பாடிங்டன் லண்டனில ஒரு பெரிய ரெயில் ஸ்ரேசன்), உள்ளுக்கு மூண்டு படம் நல்லா வந்திருக்கு, ஒண்டில மெரூன் எஞ்சின், ஒண்டில நீலம், ஒண்டில பச்சை. ஒரே ரெயில்வே ஒரே வருஷத்தில இப்பிடி மூண்டு கலரில ஓட்டியிருக்குமோ இல்லாட்டிப் பெரியப்பா எழுதினது பிழையோ எண்டு கேக்கிறீங்கள். ஸ்கான் பண்ணேக்க எல்லா நீலத்தையும் ஒரே நீலமாக் கொண்டுவரலாமோ எண்டும் கடைசியில கேட்டிருக்கிறீங்கள், அதுக்கும் வாறன்.

சுருக்கமா எண்டா, ஓம், மூண்டு கலரும் கலந்துதான் ஓடினது, அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷமில்ல, கன வருஷம். ஆனா நீங்கள் சொன்ன விபரத்தை வச்சுப் பாத்தா அந்தப் பச்சை எஞ்சின் படம் 1966 ஆக இருக்க ஏலாது. பெரியப்பா கன காலம் எடுத்ததை ஒரே பெட்டிக்குள்ள போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இனி ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும்.

பிரிட்டிஷ் ரெயில்வே 1948இல தேசியமயமானது. 1950களின்ட கடைசியில டீசல் எஞ்சின் கூட்டமா வரேக்க பெரும்பாலும் கடும் பச்சை அடிச்சுத்தான் விட்டவை, பழைய ஸ்டீம் எஞ்சின் பச்சையின்ட தொடர்ச்சி மாதிரி. ஆனா பாடிங்டன் இருக்கிற வெஸ்டேர்ன் ரீஜன்காரருக்கு, அதாவது பிரிட்டிஷ் ரெயில்வேயின்ட மேற்குப் பிரிவுக்கு, எப்பவும் ஒரு தனித் திமிர் இருந்தது, மற்ற எல்லாரும் டீசல் எலெக்ட்ரிக் (டீசலால கரண்ட் எடுத்துச் சில்லைச் சுத்துறது) எண்டு போகேக்க இவை ஜேர்மன்காரரைப் பாத்து டீசல் ஹைட்ரோலிக் (எண்ணெயால விசையைச் சில்லுக்குக் கடத்திறது) எண்டு போனவை, கலரிலயும் அதே கதைதான். 1961 தொடங்கி 1964 வரை ஸ்விண்டனிலயும் குரூவிலயும் கட்டின 74 "வெஸ்டேர்ன்" எஞ்சினில பெரும்பாலானது மெரூன், கொஞ்சம் பச்சை, முதலாவது டி1000 பாலைவன மணல் கலர், டி1015 மஞ்சளும் பழுப்பும் கலந்த மாதிரி ஒரு கலர். அப்ப நீலம் வர முதலே அங்க கலர் கலந்துதான் கிடந்தது, இதை மறக்கக் கூடாது. மற்ற ரீஜன் படம் எண்டா பச்சையும் நீலமும் மட்டும்தான் பிரச்சினை, பாடிங்டன் படம் எண்டா மெரூனும் சேந்து குழப்பும்.

1964இல எக்ஸ்பி64 எண்டு ஒரு சோதனை ரெயின் விட்டவை, பெட்டிகள் நீலமும் சாம்பலும், அதை இழுக்கிறதுக்கு டி1733 எண்ட எஞ்சினுக்கு நீலம் அடிச்சவை. 1965 ஜனவரியில லண்டனில கண்காட்சி வச்சு இனி எல்லாம் இந்த நீலம், இந்த ரெட்டை அம்புச் சின்னம், இந்த எழுத்து எண்டு அறிவிச்சவை. புத்தகங்களில உந்தத் திகதியைத்தான் போடுவினம், வாசிக்கிற ஆக்களும் 1965க்கு முந்தி பச்சை, பிந்தி நீலம் எண்டு மனசில கோடு கீறிப்போடுவினம். பிழை அங்கதான் தொடங்குது.

அறிவிப்பு ஒரு நாள் வேலை, பெயின்ற் அப்பிடியில்ல. எங்கட ஊரில கடைக்குப் புதுக் கலர் வந்தது எண்டதுக்காக ஆரும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறேல்ல, வீட்டில கலியாணம் வந்தாத்தான் அடிப்பினம், எஞ்சினுக்கும் அப்பிடித்தான். அதின்ட கலியாணம் ஓவர்ஹோல். பெரிய ஓவர்ஹோலுக்கு வேர்க்சொப்புக்குள்ள போகேக்கதான் பழையதைச் சுரண்டி, ஓட்டை உடைசல் பாத்து, பிரைமர் அடிச்சு, காயவிட்டு, மேல்கோட் அடிச்சு, எழுத்துப் போட்டு வெளிய விடுவினம். அது சில வருஷத்துக்கு ஒருக்காத்தான் வரும். வெறுமன கலருக்காக ஓடிற எஞ்சினை மறிச்சு வச்சா அந்த நாள் வண்டியை ஆர் இழுக்கிறது? அதால 1965 ஜனவரிக்கு முதல் மாதம் ஓவர்ஹோல் முடிச்சு புதுப் பச்சையோட வந்த எஞ்சின் நீலம் காண வருஷக்கணக்காகும், 1966இல முறை வந்தது உடன நீலமாகும். ரெண்டும் ஒரே வயசு, ஒரே வகை, ஒரே ஷெட்டா இருக்கலாம், கலர் மட்டும் வேற. இதில ஒழுங்கு இல்லாத மாதிரித் தெரியும், ஆனா ஒழுங்கு இருக்கு, அது டிசைன் ஒபீசில இல்ல, வேர்க்சொப் முறைப் பட்டியலில இருக்கு.

புது எஞ்சின்கூட அறிவிச்ச உடன நீலத்தில வரேல்ல எண்டது ஆக்கள் கவனிக்காத விஷயம். கிளாஸ் 47 எண்டு பிறகு பேர் வச்ச வகை 1965க்குப் பிறகும் ரெண்டு பச்சையில, கடும் பச்சையும் இளம் பச்சையும், புதுசா வந்துகொண்டுதான் இருந்தது, கடைசியாக் கட்டின கொஞ்சம்தான் நீலத்தில பிறந்தது. அதுக்குப் பிறகு 1967, 68இல வந்த கிளாஸ் 50 எல்லாம் பிறக்கேக்கயே நீலம். மற்றப் பக்கத்தில சாகப்போற எஞ்சினுக்கு ஒருத்தரும் பெயின்ற் செலவழிக்க மாட்டினம். ஸ்டீம் எஞ்சின் எல்லாத்தையும் 1968 ஆகஸ்டோட நிப்பாட்டப் போகினம் எண்டு தெரியும், அதால மெயின் லைன் ஸ்டீம் எஞ்சின் ஒண்டும் இந்த நீலத்தைக் காணேல்ல, கரியோட கரியா கறுப்பிலயும் பச்சையிலயும் போய்ச் சேந்தது. விதிவிலக்கு வேல்ஸில ஒரு குட்டி லைன், வேல் ஒஃப் ரைடோல், அதின்ட சின்ன ஸ்டீம் எஞ்சின்களுக்கு மட்டும் நீலம் அடிச்சு ரெட்டை அம்பும் ஒட்டிவிட்டவை, பாக்க எனக்கு இண்டைக்கும் சிரிப்பு வரும். வெஸ்டேர்ன் ரீஜனின்ட ஹைட்ரோலிக் எஞ்சின்களில வார்ஷிப் எண்ட வகையிலயும் கொஞ்சம் நீலம் காணாமலே இரும்புக்குப் போனது.

இதால வாற விதி ஒண்டு. கலர் "இதுக்கு முந்தி இல்ல" எண்டு உறுதியாச் சொல்லும், "இதுக்குப் பிந்தி இல்ல" எண்டு சொல்லவே சொல்லாது. நீல வெஸ்டேர்னைக் கண்டா 1966க்கு முந்தி இல்ல எண்டு அடிச்சுச் சொல்லலாம், ஏனெண்டா அந்த வகைக்கு நீலம் அடிக்கத் தொடங்கினது அந்த வருஷம். பச்சை எஞ்சினைக் கண்டா ஒண்டும் சொல்லேலாது. கிளாஸ் 40 வகையில 40106 எண்டு ஒண்டு 1970களின்ட கடைசி வரை பச்சையாவே ஓடினது, ரசிகர்மார் அதைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தவை. மெரூன் வெஸ்டேர்னும் 1970 வந்த பிறகும் ஓடினது.

அப்ப கலரை விட்டுப்போட்டு வேற எதைப் பாக்கிறது? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. எஞ்சினுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு சின்ன விஷயமும் வேற வேற வேகத்தில மாறும், ஏனெண்டா ஒவ்வொண்டுக்கும் செலவு வேற. மலிவான மாற்றம் முந்தி ஓடும், விலையானது பிந்தி வரும். முழு உடம்புப் பெயின்ற் விலை கூடினது, அது ஓவர்ஹோலுக்குக் காத்திருக்கும். மூஞ்சைக்கு மஞ்சள் அடிக்கிறது லேசான வேலை, அதுக்காக எஞ்சினை முழுசா அக்குவேறா ஆணிவேறாக் கழட்டத் தேவையில்ல. நம்பருக்கு முன்னால இருக்கிற ஒரு எழுத்தை மறைக்க ஒரு தூரிகையும் அஞ்சு நிமிஷமும் போதும்.

மஞ்சளை முதல் பாருங்கோ. டீசல் வந்த புதுசில லைனில வேலை செய்யிற ஆக்களுக்கு அது வாற சத்தம் ஸ்டீம் மாதிரி தூரத்திலயே கேக்கிறேல்ல, அதால மூஞ்சையில மஞ்சள் அடிக்கத் தொடங்கினவை. 1962 அளவில தொடங்கினது சின்ன மஞ்சள் கட்டம், மூஞ்சையின்ட கீழ்ப் பாதியில மட்டும். பிறகு அது போதாது எண்டு 1967 அளவில இருந்து முழு மூஞ்சையும் மஞ்சள். இது பாதுகாப்பு விஷயம் எண்டபடியா உடம்புக் கலரோட சேந்து வர வேணும் எண்டு காத்திருக்கேல்ல. அதாலதான் பச்சை உடம்பும் முழு மஞ்சள் மூஞ்சையுமா ஒரு வினோதமான வேஷம் கன வருஷம் ஓடினது, மெரூனிலயும் அப்பிடிக் கொஞ்சம் ஓடினது. திட்டம் போட்டு ஆரும் அப்பிடி டிசைன் பண்ணேல்ல, ரெண்டு கட்டளை ரெண்டு வேகத்தில வந்து ஒரே தகரத்தில சந்திச்சது, அவ்வளவுதான்.

பிறகு நம்பர். ஸ்டீம் இருந்த காலத்தில டீசல் எண்டு பிரிச்சுக் காட்டத்தான் நம்பருக்கு முன்னால டி போட்டவை. 1968 ஆகஸ்டில ஸ்டீம் முடிஞ்ச உடன டி தேவையில்லாமப் போச்சு. புதுசாப் பெயின்ற் அடிச்சதுகள் டி இல்லாம வந்தது, மற்றதுகளில கனக்க இடத்தில அந்த ஒரு எழுத்தை மட்டும் பெயின்றால மறைச்சு விட்டவை. பிறகு 1973, 74 அளவில கொம்பியூட்டருக்காக எல்லாத்தையும் புது நம்பராக்கினவை, வகை இலக்கம் முன்னால, வரிசை இலக்கம் பின்னால, 47க்குப் பிறகு மூண்டு இலக்கம் எண்ட மாதிரி. வெஸ்டேர்ன் வகைக்கு உலோகத்தில வார்த்த நம்பர்த் தட்டு, அதுகள் எப்பிடியும் போகப்போகுது எண்டு புது நம்பர் மாட்டவே இல்ல, 1977 பெப்ரவரியில கடைசி வெஸ்டேர்ன் போகும் வரைக்கும் பழைய நம்பர்தான்.

இப்ப உங்கட மூண்டு படத்துக்கு வருவம்.

மெரூன் எஞ்சின் சின்ன மஞ்சள் கட்டத்தோட நிக்குது, பின்னால மெரூன் பெட்டிகளுக்கு நடுவில ரெண்டு நீலமும் சாம்பலும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எஞ்சினை மட்டும் பாத்தா 1962க்குப் பிறகு எண்டுதான் சொல்லலாம், திகதி சொல்லுறது அந்த ரெண்டு பெட்டிதான். நீலமும் சாம்பலும் பொதுவா 1965க்குப் பிறகு. அப்ப 1966 எண்டு பெரியப்பா எழுதினது இதுக்கு வடிவாப் பொருந்துது. எஞ்சினின்ட பக்கத்தில "வெஸ்டேர்ன்" எண்டு தொடங்கிற பேர்த்தட்டு இருக்கும், பெருப்பிச்சுப் பாத்துப் பேரை வாசியுங்கோ. ஒவ்வொரு எஞ்சினுக்கும் எந்த மாதம் எந்தக் கலர் அடிச்சது எண்டு அங்கத்தை ரசிகர்மார் பதிஞ்சு வச்சிருக்கினம், பேர் கிடைச்சா அது நீலமான திகதி தெரியும், அப்பதான் "இதுக்குப் பிந்தி இல்ல" எண்ட மற்றக் கரையும் கிடைக்கும். கலர் தராததைப் பேர் தரும்.

நீல எஞ்சின் படத்திலயும் சின்ன மஞ்சள் கட்டம்தான் எண்டு சொல்லியிருக்கிறீங்கள், இது கொஞ்சம் அருமையான படம். ஏனெண்டா நீலமும் சின்னக் கட்டமும் சேந்து வந்த காலம் குறைவு, 1966இல நீலம் தொடங்கி முழு மஞ்சள் மூஞ்சை வழமையாகிற வரைக்கும்தான் அப்பிடி அடிச்சவை. பிறகு அதுகளுக்கும் முழு மஞ்சள் வந்திட்டுது. இந்தப் படம் 1966 இல்லாட்டி அதுக்கு அடுத்த ஒண்டு ரெண்டு வருஷம்.

பச்சைதான் குழப்படி. பழைய கலர் எண்டதால இதுதான் ஆகப் பழைய படம் எண்டு நீங்கள் நினைச்சிருக்கிறீங்கள், எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம். ஆனா முழு மூஞ்சையும் மஞ்சள், நம்பர் 16இல தொடங்கிற நாலு இலக்கம், முன்னால டி இல்ல எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். 16இல தொடங்கினா அது பின்னாள் கிளாஸ் 47. டி இல்லாட்டி 1968 ஆகஸ்டுக்குப் பிந்தி, நாலு இலக்கம் இன்னும் இருக்கு எண்டா 1974 அளவுக்கு முந்தி. அப்ப மூண்டுக்குள்ள பழைய கலரில இருக்கிறதுதான் ஆகப் புதிய படம். கலரை மட்டும் பாத்து வரிசைப்படுத்தியிருந்தா தலைகீழாப் போயிருக்கும்.

வேற சாட்சியும் தேடுங்கோ. எங்கயாவது மூலையில ஸ்டீம் எஞ்சின் தெரிஞ்சா அது பெரும்பாலும் 1965 கடைசிக்கு முந்தின படம், வெஸ்டேர்ன் ரீஜன் அந்த வருஷத்தோட ஸ்டீமைக் கிட்டத்தட்ட முடிச்சுப்போட்டுது. ஸ்ரேசன் பேர்ப் பலகை பழைய பழுப்பும் கிறீமுமோ, வெள்ளையில கறுப்பு எழுத்தோ எண்டும் பாருங்கோ, அதுவும் கலர் மாதிரித்தான், புதுசு இருந்தா 1965க்குப் பிந்தி, பழசு இருந்தா ஒண்டும் சொல்லேலாது. சிலைட்டின்ட மட்டைச் சட்டத்தையும் கழட்டி எறிஞ்சு போடாதேங்கோ, சிலதில கழுவின மாதமும் வருஷமும் அச்சடிச்சுக் கிடக்கும், அது இருந்தா நான் இவ்வளவு எழுதினதே வீண்.

பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். எஞ்சினை விட பெட்டி எண்ணிக்கை கனக்கக் கூட, மதிப்புக் குறைவு, அதால கலப்பு அங்க இன்னும் மோசம். 1970களின்ட தொடக்கத்திலயும் மெரூன் பெட்டி சேந்து ஓடினது. ஒரு வண்டி முழுக்க ஒரே கலரில நிண்டா எனக்கு அதுதான் சந்தேகம், ஒண்டில் விசேட வண்டி, இல்லாட்டி படம் எடுக்கிறதுக்காக நிப்பாட்டினது.

இது இங்கிலாந்துக் கதை மட்டும் இல்ல. அமெரிக்காவில 1971 மே 1ஆம் திகதி அம்ட்ராக் எண்ட நாடளாவிய பயணிகள் ரெயில் சேவை தொடங்கேக்க கன கம்பனிகளிட்ட இருந்து வாங்கின எஞ்சினும் பெட்டியும் அந்தந்தப் பழைய கலரிலயே ஓடினது, அதை வானவில் காலம் எண்டே சொல்லுவினம். இன்னொண்டு இன்னும் விசேஷம். சான்ரா ஃபே, சதர்ன் பசிஃபிக் எண்ட ரெண்டு ரெயில் கம்பனியும் ஒண்டாகப் போகினம் எண்டு 1980களின்ட நடுவில ரெண்டு பேரும் எஞ்சின்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடிக்கத் தொடங்கினவை, பக்கத்தில தங்கட ரெண்டு எழுத்தை மட்டும் போட்டு மற்றவையின்ட ரெண்டு எழுத்துக்கு இடம் விட்டு வச்சவை. 1986இல அரசாங்க ஆணைக்குழு இணைப்புக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டுது. அந்த வெறும் இடத்தோட எஞ்சின்கள் பிறகும் வருஷக்கணக்கா ஓடினது. எஸ்பிஎஸ்எஃப் எண்ட அந்த நாலு எழுத்துக்கும் "ஷுடன்ட் பெயின்ற் சோ ஃபாஸ்ட்", அதாவது "இவ்வளவு கெதியாப் பெயின்ற் அடிச்சிருக்கக் கூடாது" எண்டு ரெயில்காரர் விரிவு சொல்லிச் சிரிச்சவை. இங்க விதி மறுபக்கமா வேலை செய்யுது, பாருங்கோ, புதுக் கலரே செத்த கலராப் போச்சு, ஆனா அதை அழிக்கவும் காசு வேணும் எண்டபடியா அது தன்ட பாட்டுக்கு ஓடித் திரிஞ்சது.

எங்கட லைனிலயும் இதைப் பாத்திருக்கலாம், ஆனா எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. 1956 ஏப்ரலில யாழ்தேவி ஓடத் தொடங்க முதலே, 1954இல கனடாவில இருந்து எம்2 எஞ்சின்கள் வரத் தொடங்கீட்டுது, முதல் வந்ததுகளுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எண்டு மாகாணப் பேர் வச்சது, எங்கட சனம் பாதி அங்க போய்ச் சேர முதலே அந்தப் பேர்கள் இஞ்ச வந்திட்டுது. ஆனா 1990 யூனில கோச்சி நிண்டது, 2014 ஒக்டோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அந்த இடைவெளிக்குள்ளதான் இந்தியாவில இருந்து எம்8, எம்10, பிரான்ஸ் கம்பனியின்ட எம்9 எல்லாம் நாட்டுக்கு வந்தது. தெற்கில இருக்கிற ஆக்கள் பழசும் புதுசும் கலந்து ஓடினதை மெல்ல மெல்லப் பாத்தவை, எங்களுக்கு ஒரு நாளில எல்லாம் மாறின மாதிரி. கலப்புக் காலத்தின்ட சிலைட்டுகள் எங்கட வீடுகளில இல்லாததுக்கு அதுதான் காரணம், அதாலதான் உங்கட கொக்குவில் பெட்டியைப் பற்றி நான் இவ்வளவு ஆர்வப்படுறன்.

கடைசியா ஸ்கான் விஷயம். எல்லா நீலத்தையும் ஒண்டாக்காதேங்கோ. முதலில வெஸ்டேர்ன் கொஞ்சத்துக்கு அடிச்ச நீலமும் பிறகு வழமையான நீலமும் ஒண்டில்ல, அந்த வித்தியாசமே திகதிக்கு ஒரு சாட்சி. அதோட வெயில், புகை, கழுவுற மருந்து எல்லாம் பட்டு ஒரே கலர் ரெண்டு எஞ்சினில வேற மாதிரித் தெரியும், ஊத்தை பிடிச்ச கடும் பச்சை படத்தில கறுப்பாவே விழும், வெளிறின மெரூன் மண்ணிறமா விழும். கொடாக்குரோம் ஃபில்ம் எண்டா இருட்டில இருந்தா கலர் நல்லா நிக்கும், வேற ஃபில்ம் கனக்க சிவந்து போயிருக்கும், அப்பிடிச் சிவந்ததைத் திருத்திறதெண்டா எஞ்சினைப் பாத்துத் திருத்தாம பிளாட்போமில நிக்கிற ஆக்களின்ட வெள்ளைச் சேர்ட்டையோ காகிதத்தையோ வச்சுத் திருத்துங்கோ. திருத்தாத கோப்பு ஒண்டைத் தனியா எடுத்து வையுங்கோ. எங்கட ஊர்ப் புழுக்கத்துக்குச் சிலைட்டில பூஞ்சணம் பிடிச்சிருக்கும், தண்ணி போட்டுத் துடைக்க வேண்டாம், முதல் காத்து ஊதுற பம்பால தூசியைத் தட்டிப்போட்டு அப்பிடியே ஸ்கான் பண்ணுங்கோ, பேர்த்தட்டு இருக்கிற படத்தை ஆகக் கூடின ரெசொலூசனில எடுங்கோ.